ஆறு மாத மன்னர்கள்

பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள பிற்ஸ்பேர்க் என்னும் பழைய உருக்கு நகரிலிருந்து வடக்கு நோக்கிக் காரிற் செல்வோர், ஒரு மணி நேரத்திற்குள் மேடு பள்ளமான பசும் நாட்டுப்புறத்தை அடைவர். அங்கே கூப்பர் ஏரி என்ற சிறு நீர்நிலையை அடுத்து, கூடாரம் அடித்துத் தங்குவோருக்கென விடப்பட்ட பரந்த புல்வெளியொன்று உண்டு. யூலை மாதக் கடைசி தொடங்கி ஓகஸ்ற் நடுப்பகுதி வரை, ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு, அப்புல்வெளியில் ஒரு நகரம் எழுகின்றது. பதினாயிரம் மக்கள் வரை அங்கே குடியேறுகின்றனர். வீதிகளுக்குப் பெயர்ப்பலகை நடப்படுகின்றது, கடைத்தெரு திறக்கின்றது, கொடிகள் பறக்கின்றன, அரசரும் அரசியரும் கொலு வீற்றிருக்கின்றனர். பின்பு ஒருநாள் எல்லாரும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகின்றனர்.

இதற்குப் 'பென்சிக் யுத்தம்' என்று பெயர். பென்சில்வேனியா என்ற சொல்லையும், உரோமரும் கார்த்தேச்சியரும் பொருத பியூனிக் யுத்தம் என்ற சொல்லையும் கலந்து ஆக்கிய வேடிக்கைப் பெயர் அது. 1972ஆம் ஆண்டு முதன்முதலாக நடந்தது. கொள்ளைநோய் காரணமாக 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகள் தடைப்பட்டு, 2023இல் ஐம்பதாவது யுத்தம் நிறைவேறியது. தோற்றவர் பிற்ஸ்பேர்க் நகரை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது ஆதியில் விதித்த நிபந்தனையாம். வென்றவர் அன்று, தோற்றவரே!

இதனை நடத்துவோர் யார் என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். 1966ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்லி நகரில், டயானா பக்ஸ்ரன் என்ற மாணவியின் வீட்டுப் பின்வளவில் சில நண்பர்கள் கூடி மத்திய கால ஐரோப்பியரைப்போல உடுத்து வாட்போட்டி நடத்தினர். பிற்காலத்தில் அவ்வம்மையார் நாவலாசிரியையாகப் பெயர் பெற்றார். விழா முடிவில் எல்லாரும் நகர வீதியிற் பாடிக்கொண்டு ஊர்வலம் போயினர். இருபதாம் நூற்றாண்டிற்கு எதிரான கண்டன ஊர்வலம் என்று அதற்குப் பெயரும் வைத்தனர். அடுத்த முறை பூங்காவொன்றிற் கூட அனுமதி கேட்டபோது, விண்ணப்பத்தில் ஒரு சங்கத்தின் பெயர் வேண்டியிருந்தது. மரியன் சிம்மர் பிராட்லி என்ற எழுத்தாளர், 'சொசைற்றி ஃபோர் கிரியேற்றிவ் அனக்ரோனிசம்' என்ற பெயரைச் சூட்டினார். காலத்தை வேண்டுமென்றே பிறழவைத்துப் புதுமை காணுங் கழகம் என்று நாம் பொருள் கொள்ளலாம். 1600ஆம் ஆண்டிற்கு முற்பட்ட உலகமே அவர்களுக்கு உலகம். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்காகப் பிறந்த அக்கழகம் இன்று ஐரோப்பா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து வரை பரந்து, இருபது 'இராச்சியங்களாக' வகுக்கப்பட்டிருக்கின்றது. இக்கழகத்தார் ஆண்டுகளையும் அந்த மே முதலாந் திகதியிலிருந்தே எண்ணி வருகின்றனர்.

கோடை விடுமுறையிற் பிற்ஸ்பேர்க்கில் வாழும் மைத்துனர் குடும்பத்தாரிடம் சென்றிருந்த சமயம், அவ்வூரிற் பெயர்பெற்ற வேங்கடேசுவரர் ஆலயத்தைத் தரிசித்த பின்பு வேறென்ன பார்க்கலாம் என்று கேட்டேன். மைத்துனரோடு தொழில்புரியும் அமெரிக்கர் ஒருவர் இக்கழகத்தின் உள்ளூர்க் கிளைக்குக் காரியத்தலைவராயிருந்தார். அவரே அனுமதி பெற்று எம்மை அழைத்துச் சென்றார். உள்ளே நுழைபவர் எவராயினும் பழங்கால உடையை ஒத்ததொன்றை அணிந்திருத்தல் வேண்டும் என்பது நியதி. மைத்துனர் யாரிடமோ ஓர் அங்கியை இரவல் வாங்கினார். நான் வேட்டியும் சால்வையுமாகப் போனேன். நுழைவாயிற் சாவடிக்கு அவர்கள் 'பூதம்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். அங்கிருந்த மூதாட்டியார் என்னை மேலுங்கீழும் பார்த்து, "எந்த நூற்றாண்டு, ஐயா?" என்று வினவினார். "எந்த நூற்றாண்டும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு வழிவிட்டார்.

போர்க்களத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். படம் பிடிப்போர் எல்லாரும் அதனையே பிடிக்கின்றனர். இருபுறமும் கவசமும் இரும்புத் தலைச்சீராவும் தரித்த நூற்றுக்கணக்கானோர் அணிவகுத்து நின்று மோதுகின்றனர். ஆயுதங்கள் மாத்திரம் இரும்பு அல்ல. ஒன்றேகால் அங்குலத்திற்குக் குறையாத பருமனுள்ள பிரம்பு. ஆம், எங்கள் முன்னோரான ஆசிரியப் பெருமக்கள் கையில் ஆட்சி செலுத்திய அதே பிரம்புதான்! அங்கே அரசரை ஆக்குவதும் அதுவே என்று அறிந்தபோது எனக்குச் சிறிது தொழிற்பெருமை உண்டாயிற்று.

ஆனால், அப்போரில் ஒரு விதியுண்டு. அதை அறிந்துகொண்ட பின்பே அங்கு நடப்பவை எல்லாம் எனக்கு விளங்கின. ஓர் அடி பட்டதா இல்லையா, பட்டது கொல்லத்தக்கதா என்பதைத் தீர்மானிப்பவர் நடுவர் அல்லர், அடித்தவரும் அல்லர், அடிபட்டவரே. கையிற் பட்டால் அக்கையை அவரே முதுகுப்புறம் மடித்துக்கொள்கிறார். காலிற் பட்டால் முழந்தாளிட்டுப் போராடுகிறார். தலையிலோ மார்பிலோ வலுவாகப் பட்டால் "நல்ல அடி" என்று சொல்லி வீழ்ந்துவிடுகிறார். களத்தில் நிற்குங் கண்காணிப்பாளர் ஆபத்து நேராமற் காப்பவர் மாத்திரமே. எவருக்கேனும் தலைச்சீரா கழன்றாலோ கால் இடறினாலோ "ஹோல்ட்" என்ற கூச்சல் எழுகின்றது. கேட்டவர் ஒவ்வொருவரும் அதைத் திருப்பிக் கூவி அப்படியே முழந்தாளிட்டு நிற்கின்றனர். ஆயிரம் பேர் ஆரவாரித்த வெளியில் ஒரு கணத்திற் குருவிச் சத்தம் கேட்கின்றது.

அடியை ஒப்புக்கொள்ளாதாரும் உண்டோ என்று காரியத்தலைவரைக் கேட்டேன். உண்டு என்றார். அவர்களைக் 'காண்டாமிருகத் தோலர்' என்று அழைப்பார்களாம். தண்டனை பெரும்பாலும் அப்பெயர்தான். அப்பெயரோடு பத்து ஆண்டுகள் திரிவது எளிதன்று என்று அவர் சொன்னார்.

இந்த விதி சாதாரண விளையாட்டிற்கு மாத்திரம் உரியதாயின் வியப்பில்லை. இராச்சியத்தின் முடியும் இதன்மேலேயே நிற்கின்றது. குறித்த நாளில் முடிப்போட்டி நடைபெறுகின்றது. போட்டியிடுபவர் ஒவ்வொருவரும் தாம் இன்னாருக்காகப் போரிடுகிறேன் என்று துணைவரைப் பெயர்சொல்லி அறிவிக்க வேண்டும். இறுதியில் வெல்பவர் இளவரசராகிறார்; அவர் பெயர்சொன்னவர் இளவரசியாகிறார். சில மாதங்களின் பின் இருவருக்கும் முடிசூட்டப்படுகின்றது. பெண்கள் தாமே வாளேந்தி வென்று ஆண்டதும் உண்டு. இறுதிச் சுற்றில் நிற்கும் ஒருவர், ஓர் இராச்சியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், தன் கவசத்தினுள் பட்ட அடியின் கனத்தைத் தானே நிறுத்துப் பார்த்து, "தோற்றேன்" என்று தானே சொல்லவேண்டும். எந்த நாட்டுத் தேர்தலுக்கும் இப்படியொரு விதி கிடையாது.

வென்றவர் ஆள்வது எவ்வளவு காலம்? பெரும்பாலான இராச்சியங்களில் ஆறு மாதம். ஆதி இராச்சியமாகிய மேற்கில் நான்கே மாதம். பதவிக்காலம் முடிந்ததும் இறங்கத்தான் வேண்டும். ஒரு முறை ஆண்டு இறங்கியவர் 'கவுண்ட்' எனப்படுகிறார். இரு முறை ஆண்டவர் 'டியூக்'. டியூக் என்பார் அணியும் சிறுமுடியில் ஸ்ரோபெரி இலை வடிவம் இருக்கும். அத்தகைய முடியணிந்த ஒருவர் சமையற் கூடாரத்தின் பின்னால் அண்டா தேய்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். முடி மாத்திரம் தலையில் இருந்தது. நனையாதபடி சிறிது பின்னுக்குத் தள்ளியிருந்தார்.

முடிகள் இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, இராச்சியம் எப்படி நிலைபெறுகின்றது? இங்கேதான் நாம் ஏட்டிற் கற்ற மத்திய கால வரலாற்றிற்கும் இவர்களது ஏற்பாட்டிற்கும் உள்ள வேறுபாடு தெரிகின்றது. அரசர் ஆள்கிறார், ஆனால் பொறுப்புக்கள் உத்தியோகத்தரிடம் இருக்கின்றன. சட்டப்படி கிளைக்குப் பதில் சொல்பவர் 'செனெஷல்' எனப்படுங் காரியத்தலைவர். பணத்தைக் காப்பவர் பொருளாளர். பெயர்களையும் இலச்சினைகளையும் ஆராய்ந்து பதிபவர் கட்டியகாரர். களத்திற்குக் கண்காணிப்பாளர், கலைகளுக்கு ஓர் அமைச்சர், செய்தி இதழுக்கு ஒரு பதிவாளர் என்று வரிசை நீள்கின்றது. இவர்களுள் எவரும் வாள்வலியால் வந்தவரல்லர். எல்லாருக்கும் மேலே, கலிபோர்ணியாவிற் சட்டப்படி பதிவான இலாபநோக்கற்ற நிறுவனம் என்ற முறையில் ஓர் இயக்குநர் சபை உண்டு. முதலில் நாட்டுச் சட்டம். அடுத்துச் சபையின் பிரமாணங்கள். அதற்குக் கீழேயே அரசரின் சட்டம். காரியத்தலைவர் இதனை விளக்கியபோது, "அரசர் என் தலையை வெட்டும்படி கட்டளையிடலாம், கூடார வாடகைக் காசோலையில் ஒப்பமிட அவரால் இயலாது" என்றார்.

இராச்சியங்களின் உட்பிரிவும் சுவையானது. ஐந்து உறுப்பினர் சேர்ந்தால் 'ஷயர்' எனும் சிறு கிளை தொடங்கலாம். இருபத்தைந்து பேரும் போதிய உத்தியோகத்தரும் இருந்தால் 'பாரன்' ஒருவரைத் தலைமையாகக் கொண்ட நிலமாகலாம். நானூறு உறுப்பினர் திரண்டால், தாய் இராச்சியத்திலிருந்து பிரிந்து தனி இராச்சியம் ஆகலாம். அரசரே பாரனை நியமிக்கிறார். ஆனால், அவ்விடத்து மக்களின் கருத்தைக் கேட்ட பின்பே நியமிப்பது வழக்கம். கிழக்கு இராச்சியமும் நடு இராச்சியமும் பொருத இடத்திலேயே 1997ஆம் ஆண்டில் 'ஈதல்மியர்க்' என்ற புதிய இராச்சியம் எழுந்தது. பிற்ஸ்பேர்க் இப்பொழுது அதற்கே உரியது. இரத்தம் சிந்தாமல், விண்ணப்பம் எழுதி இராச்சியம் பிரிந்த கதை அது. கேட்டுக்கொண்டிருந்த மைத்துனரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே சிறிது தூரம் நடந்தோம்.

இந்த யுத்தத்தின் தொடக்கத்தைப் பற்றிக் கழகத்தார் சலியாமற் சொல்லும் கதையொன்று உண்டு. பொருளியல் அறிஞர் மில்ரன் பிரீட்மனின் மைந்தர் டேவிட் பிரீட்மன் நடு இராச்சியத்தின் அரசராயிருந்த காலத்தில், கிழக்கு இராச்சியத்தின்மேற் போர் அறிவித்தாராம். கிழக்கிலிருந்து மறுமொழியே வரவில்லை. பின்பு அவர் கிழக்கே குடிபெயர்ந்து, அங்கே முடிப்போட்டியில் வென்று அரசரானபோது, விடை எழுதாமற் கிடந்த அந்த ஓலையைக் கண்டு, போரை ஏற்றுக்கொண்டார், பொருதார், தோற்றார். தன்மேல் தானே போர் தொடுத்துத் தோற்ற ஒரே மன்னர் என்று அவரைப் போற்றுகின்றனர்.

இனி, மாலையில் நடைபெற்ற அரசவையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் போனதன் பயன் அங்கேதான் கிடைத்தது.

பெரிய கூடாரத்தில் அரசரும் அரசியும் வீற்றிருந்தனர். கட்டியகாரர் ஒரு பெயரைக் கூவினார். பின் வரிசையிலிருந்து ஒரு நடுவயதுப் பெண்மணி, தம்மையல்ல என்று எண்ணியவர்போலத் திரும்பிப் பார்த்தார். அருகிலிருந்தோர் அவரை மெல்லத் தள்ளிவிட்டனர். அவர் வாளேந்தாதவர், பல ஆண்டுகளாகக் களத்தின் ஓரத்தில் நின்று வீரருக்குத் தண்ணீர் கொடுத்துவருபவர். அரசர் அவரை முன்னே முழந்தாளிடச் செய்து, அவர் செய்தவற்றைச் சபையறியச் சொல்லி, கையால் எழுதி வண்ணந் தீட்டிய பட்டயம் ஒன்றை நீட்டினார். அன்று முதல் அவர் இலச்சினை தரிக்கும் உரிமையும், 'சீமாட்டி' என்று அழைக்கப்படும் உரிமையும் பெற்றவர். மூன்று தரம் வாழ்த்தொலி எழுந்தது. அவர் பட்டயத்தைப் பிடித்திருந்த கை நடுங்கியதை நான் இருந்த இடத்திலிருந்தே காண முடிந்தது.

இதில் நான் அறிந்துகொண்டவை சில. இவ்விருதை எவரும் தமக்கெனக் கேட்டுப் பெறுவது முறையன்று. அவருக்குத் தெரியாமல் அவருடைய தோழர் அரசருக்கு எழுதுகின்றனர். பட்டயத்தை எழுதியவர் ஊதியம் பெறாத ஓர் உறுப்பினர். சில பட்டயங்களுக்கு வாரக்கணக்கில் உழைப்பதுண்டு. அரசர் ஆறு மாதத்தில் இறங்கிவிடுவார். அவர் கொடுத்த விருது இறங்குவதில்லை. வேறு இராச்சியத்திற்குக் குடிபெயர்ந்தாலும் அங்கும் செல்லும். வெள்ளையர் ஆட்சியில் எம்நாட்டில் முதலியார் பட்டங்கள் வழங்கப்பட்ட முறையை வாசகர் அறிவர். பொன்னாடைகள் இன்று போர்க்கப்படும் முறையையும் அறிவர். யாருக்கு, எப்போது, யாருடைய செலவில் என்பதைப் போர்க்கப்படுபவரே முன்கூட்டி ஒழுங்கு செய்யும் விழாக்களுக்கு நானும் போயிருக்கிறேன். ஆகவே, தம்மை அழைக்கிறார்கள் என்று நம்பாமற் பின்னே திரும்பிப் பார்த்த அப்பெண்மணியின் முகம் எனக்குப் புதுமையாயிருந்தது.

உயர்ந்த விருதுகள் இன்னும் கடினமானவை. போரில் தேர்ந்தவருக்கு 'நைற்' பட்டம். வெள்ளைக் கச்சையும் சங்கிலியும் குதிமுள்ளும் அதன் அடையாளம். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்வது நைற்றுக்குரிய கடமை. பிரமாணம் செய்ய மனம் ஒவ்வாதவருக்கென அதே தகுதியில் வேறொரு பட்டமும் வைத்திருக்கின்றனர். அவர் வெள்ளைப் பட்டியைத் தோளின் குறுக்கே அணிகிறார். கலையிலும் ஆராய்ச்சியிலும் தேர்ந்தவருக்கு லோரல் இலைமாலை. தொண்டில் தலைநின்றவருக்குக் கூழைக்கடாப் பறவையின் பெயரால் ஒரு விருது. கூழைக்கடா தன் மார்பைக் கீறி இரத்தத்தால் குஞ்சுகளை வளர்க்கும் என்பது மத்திய கால ஐரோப்பியர் நம்பிக்கை. எம் வன்னிக் குளங்களிற் கூழைக்கடாவைக் கண்டவர் அது மீனையன்றி வேறெதனையும் கீறியதைக் கண்டிரார்; போகட்டும். மெல்லிய வாட்போரில் வல்லவருக்கும் 2015இல் ஒரு விருது அமைக்கப்பட்டது. இவையனைத்தும் ஒரே தரத்தன. ஆயிரம் பேருக்குச் சமைத்தவரும் கணக்கேட்டைப் பிழையறக் காத்தவரும் நைற்றுக்குச் சமமாக அமர்கின்றனர். உண்மையான மத்திய காலத்தில் அப்படியொன்று நடந்ததில்லை. நாம் விரும்பியிருக்கக்கூடிய மத்திய காலத்தையே இவர்கள் நடத்துகின்றனர் என்று நினைத்தேன்.

இவ்விருதுகளை அரசர் தம் விருப்பப்படி வழங்குவதில்லை. ஏற்கனவே அவ்விருதைப் பெற்றவர் கூடி ஆலோசனை கூறிய பின்பே வழங்குகிறார். வழங்குமுன் விழித்திருக்கும் சடங்கொன்றும் உண்டு. பெறப்போகிறவர் கூடாரத்தினுள் அமர்ந்திருக்க, நண்பர் ஒவ்வொருவராகச் சென்று தனிமையில் அறிவுரை கூறுகின்றனர். இரவு பிந்தி நாம் புறப்படும்போது அத்தகைய கூடாரமொன்றைக் கடந்தோம். வெளியே இருபது பேர் வரை வரிசையில் நின்றனர்.

குறைகள் இல்லாத ஆட்சியும் அன்று இது. 1994ஆம் ஆண்டில், சந்தா கட்டிய உறுப்பினரே நிகழ்ச்சிகளிற் பங்குபற்றலாம் என்று இயக்குநர் சபை விதித்தபோது இராச்சியங்கள் கொதித்தெழுந்தன. விதி கைவிடப்பட்டது, சபையினர் பலர் விலகினர். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென் கலிபோர்ணியாவைச் சேர்ந்த 'கயிட்' இராச்சியத்தில் நேர்ந்தது இன்னும் கனமானது. அரசரும் அரசியும் சுவஸ்திகா வடிவம் நெய்த கரையுள்ள ஆடை அணிந்து தோன்றினர். அது பழைய வட ஐரோப்பிய நெசவு வடிவமே என்று விளக்கம் கூறப்பட்டது. மக்கள் அதை ஏற்கவில்லை. இருவரும் முடி துறந்தனர்.

இதைக் கேட்டபோது என் மனம் உடனே இணங்கவில்லை. எமக்கு அது மங்கலச் சின்னம். விநாயகர் வழிபாட்டிலும் வீட்டு வாயிலிலும் இடம்பெறுவது. ஐரோப்பாவிற் சிலர் அதனைப் பன்னிரண்டு ஆண்டுகள் கறைப்படுத்தினர் என்பதற்காக நாம் அதை இழப்பதா என்று காரியத்தலைவரோடு வாதிட்டேன். அவர் மறுக்கவில்லை. "உங்கள் கோயிலில் அதைக் காண்பவன் கோயிலைக் காண்கிறான். எங்கள் கூட்டத்தில் இருந்த யூத மூதாட்டி எதைக் கண்டிருப்பாள்? அரசர் என்பவர் எல்லாருடைய அரசருமல்லவா?" என்றார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பழமை என்ற சான்று அவர்களிடம் வேண்டிய அளவு இருந்திருக்கலாம். ஆனால், தன் கவசத்தின் உள்ளே அடி விழுந்ததா என்பதைத் தானே சொல்லவேண்டும் என்ற விதி, களத்திற்கு வெளியேயும் உண்டென்று அம்மக்கள் கருதினர் போலும்.

மறுநாளும் போனோம். அன்று நான் வகுப்புக்களையே சுற்றினேன். ஆம், யுத்தகளத்தின் அருகே ஒரு பல்கலைக்கழகமும் நடக்கின்றது. நூற்றுக்கணக்கான பாடங்கள், கட்டணமில்லை, ஆசிரியருக்குச் சம்பளமும் இல்லை. சாயமிடுதல், தோல் பதனிடுதல், அராபியச் சமையல், பழைய இசை என்று கூடாரத்திற்குக் கூடாரம் பலகை தொங்குகின்றது. மை தயாரிக்கும் வகுப்பொன்றில் அமர்ந்தேன். கடுக்காயையொத்த ஒரு காயை இடித்து, இரும்புப்பு உப்புக் கலந்து, பிசின் சேர்த்து மை ஆக்குவதை ஓர் இளைஞர் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் என் வேட்டியைப் பார்த்து, உங்கள் நாட்டில் ஏட்டில் எழுத எந்த மை என்று கேட்டார். ஓலையில் எழுத்தாணியாற் கீறிவிட்டுப் பின்பு கரி பூசித் துடைப்போம் என்றேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு வந்து அதைக் கற்பிக்க இயலுமா என்று இளைஞர் கேட்டு, என் பெயரைக் குறித்துக்கொண்டார். மைத்துனரின் விலாசத்தையும் கொடுத்தேன்.

கிழக்கு இராச்சியத்தின் அரசரை வெளியே வரும் வழியிற் கண்டோம். கவசத்தைக் கழற்றிவிட்டு, முழங்காலிற் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு, ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து மாம்பழச் சாறு அருந்திக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.